ஒரு லட்சம் அட்வான்ஸ், ஒரு பக்கக் கணக்கு: வாடகை முன்பணத் தகராறு பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகர் ஒன்றில் 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த தகராறு இது. சட்டத் தன்னார்வலராக ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகளையும் நடந்த வரிசையையும் மாற்றவில்லை.

பின்னணி

வாடகைதாரர் தனியார் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யும் பெண். கணவர், ஒரு பையன். 2019 ஜூனில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் குடிவந்தார்கள். வாடகை 13,500 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். அதில் 75,000 வங்கி வழியாகப் போனது, 25,000 ரொக்கம். ரொக்கத்துக்குத் தனி ரசீது கிடையாது. 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அதை ஒரு தடவை புதுப்பித்தார்கள், அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. வாடகை வாய்ப்பேச்சிலேயே 15,500-க்கு ஏறியது.

உரிமையாளர் ஓய்வுபெற்றவர், மனைவியுடன் மாடியில் இருந்தார். நாலு வருஷமும் நல்ல உறவுதான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் மாடியிலிருந்து ரசம் வரும். இவர்கள் ஊருக்குப் போய்வந்தால் முறுக்கும் அதிரசமும் மேலே போகும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. முன்பணத் தகராறுகளில் வாடகைதாரர் வாயைத் திறக்காமல் போவது பெரும்பாலும் பயத்தால் இல்லை, இந்த ரசத்தால்தான். “நாலு வருஷம் பழகிட்டு எப்படிக் கேக்குறது” என்று பாதிப் பணத்தை விட்டுவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணவரின் வேலை இடம் மாறியதால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் உரிமையாளரிடம் தேதியோடு கையெழுத்தும் வாங்கிவைத்தார் அந்தப் பெண். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. ஆய்வகத்தில் எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கும் பழக்கம்.

காலி செய்வதற்கு முன்

நோட்டீஸ் கொடுத்ததுமே உறவினர்கள் சொன்ன முதல் யோசனை: “கடைசி மாச வாடகையைக் கொடுக்காதே, அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லு.” ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவறொன்றும் இல்லை. அவர் ஒப்புக்கொள்ளாமல் நாமாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி. நாளைக்குப் பேச உட்காரும்போது முதல் குற்றச்சாட்டு நம் மேல் விழும். செப்டம்பர் வாடகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே அனுப்பினார்கள்.

செப்டம்பர் 30-ஆம் தேதி சாமான் ஏறியது. வீடு காலியான பிறகு ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்தார்கள். துணை மீட்டரின் எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்தார்கள். “புது ஆள் வந்ததும் ரெண்டு வாரத்துல தந்துடறேம்மா” என்றார் உரிமையாளர்.

சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அப்போது ஒரு யோசனை. பணம் வந்தால்தான் சாவி என்று நிற்பவர்கள் உண்டு. நிற்கலாம், ஆனால் சாவி நம் கையில் இருக்கும் வரை நாம் காலி செய்யவில்லை, வாடகை ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுத்துவிடுவோம். அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு, “இன்று மாலை மூன்று சாவிகளையும் ஒப்படைத்தோம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார்கள். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அது போதும்.

அக்டோபரில் நடந்தது

இரண்டு வாரம் ஆனது, மூன்றும் ஆனது. கேட்டால் “பெயிண்ட் வேலை நடக்குது” என்றார். அக்டோபர் கடைசியில் போனில், “எல்லாம் போக இருபத்தஞ்சாயிரம் வரும்மா” என்று ஒரு தொகை சொன்னார். எதெதுக்குப் பிடித்தம் என்று கேட்டதற்கு, “நாலு வருஷம் இருந்துட்டு இதுக்கெல்லாம் கணக்குக் கேக்குறீங்களே” என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்தார்கள். கணவர் கொதித்துக்கொண்டிருந்தார், காவல் நிலையத்துக்குப் போகவேண்டும் என்றார். முன்பணத் தகராறு உரிமையியல் விவகாரம். மிரட்டலோ கைகலப்போ நடக்காதபோது காவல் நிலையம் இதற்கு இடமில்லை. அங்கே ‘பேசி முடித்து’ வைத்தாலும் அது கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும், கையில் எந்தத் தாளும் மிஞ்சாது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று அந்தப் பெண் கேட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் உரியது. ஒருவர் தன் வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடும் வெறும் குடிக்கூலி உறவு பொதுவாக அதற்குள் வராது. ஆனால் அதே வாரத்தில் அவர்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சாமான் ஏற்றி இறக்கிய நிறுவனம் வாஷிங்மெஷினின் கதவை உடைத்துவிட்டு, தங்கள் பொறுப்பில்லை என்றது. அது முழுக்க நுகர்வோர் விவகாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பில்லோடும் படத்தோடும் புகார் பதிந்தார்கள். சில வாரங்களில் நிறுவனமே பழுதுபார்த்த செலவைக் கொடுத்து முடித்துக்கொண்டது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் இருக்கிறது பாதி விஷயம்.

முதல் முடிவு: சண்டை வேண்டாம், கணக்கு வேண்டும்

‘இருபத்தஞ்சாயிரம்’ நியாயமா இல்லையா என்று அப்போது வாதாட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மொத்தத் தொகையோடு யாராலும் வாதாட முடியாது. பெயிண்டுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு என்று பிரிந்து வந்தால்தான் எது சரி, எது தவறு என்று கை வைத்துக் காட்டலாம்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. வக்கீல் நோட்டீஸ் இல்லை. அந்தப் பெண்ணே தமிழில் எழுதியது, ஒரு பக்கம்கூட வரவில்லை. முக்கியமான பகுதி இது:

“ஐயா, நான் 30.09.2023 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். நான் கொடுத்த முன்பணம் ரூ.1,00,000 இதுவரை திரும்ப வரவில்லை. ஏதேனும் தொகையைப் பிடித்தம் செய்வதாக இருந்தால், எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பதை ரசீதுகளுடன் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பொறுப்பில் வரும் செலவை ஏற்றுக்கொள்கிறேன். மீதித் தொகையைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும்.”

கணவருக்கு இதில் திருப்தியே இல்லை, ரொம்பப் பணிவாக இருக்கிறது என்றார். நாளைக்கு மூன்றாவது மனிதர் ஒருவர் இதைப் படிக்கப்போகிறார் என்று நினைத்துத்தான் அப்படி எழுதியது. அப்படிப் படிப்பவருக்கு, எழுதியவர் நியாயமான ஆள் என்று ஒரே வாசிப்பில் தோன்ற வேண்டும். ‘என் பொறுப்பில் வரும் செலவை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார். நான் விடவில்லை. கடிதத்திலேயே வலுவான வரி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

(பதிவுத் தபால் சேவை 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது அனுப்புகிறவர்கள் விரைவு அஞ்சலில், கையெழுத்துப் பெற்றுக் கொடுத்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்பலாம்.)

கணக்கு வந்தது

கடிதம் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடுபோட்ட நோட்டுப் பக்கம், நீல மையில் அழகான கையெழுத்து. மேலே ‘அட்வான்ஸ் 1,00,000’ என்று எழுதி அடிக்கோடு. கீழே வரிசையாக: பெயிண்டிங் 42,000, சமையலறை மேடைக் கல் 12,000, மோட்டார் ரிப்பேர் 9,000, குழாய், ஃப்ளஷ் டேங்க் 4,500, ஈபி 4,200, பூட்டு 1,800. மொத்தம் 73,500, மீதி 26,500.

எழுதி முடித்தபோதே வாயால் சொன்ன தொகையைவிட 1,500 கூடிவிட்டது. அதைவிடப் பெரிய லாபம் முதல் வரியில் இருந்தது. ரசீதே இல்லாத அந்த 25,000 ரொக்கத்தையும் சேர்த்து, மொத்தம் ஒரு லட்சம் வாங்கியதை அவரே தன் கையெழுத்தில் எழுதிக்கொடுத்துவிட்டார். பிடித்தத்துக்காக எழுதிய கணக்கு வரவுக்கும் ஆதாரமாகிவிட்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்தது

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் 11-ஆவது பிரிவுப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். இரண்டாம் அட்டவணை யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பெயிண்டிங். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் அட்டவணையில் உரிமையாளர் பக்கம் இருக்கின்றன. இவர்கள் ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ‘வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. நாலு வருஷம் ஆட்கள் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்ற கடமைக்கு இயல்பான தேய்மானம் விலக்கு. ஆனால் பையனின் அறையில் ஒரு சுவர் முழுக்க மெழுகுக் கலரால் ரயில் வரைந்திருந்தான். அது தேய்மானம் இல்லை. அந்தச் சுவருக்கு 2,000 தருவதாக முடிவு.

சமையலறைக் கல். அடுப்புக்கு வலது பக்கம் கிரானைட்டில் ஒரு விரிசல். இவர்கள்தான் உடைத்தார்கள் என்றது கணக்கு. தாங்கள் வரும்போதே இருந்ததாகப் பெண்ணுக்கு ஞாபகம். ஞாபகம் ஆதாரமாகாதே. குடிவந்த நாளில் எடுத்த படங்களைத் தேடச் சொன்னேன். வீட்டைப் படம் எடுத்துவைக்கவேண்டும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. கடைசியில் அம்மாவுக்கு அனுப்பிய பால் காய்ச்சிய படம் கிடைத்தது. பொங்கி வழியும் பித்தளைப் பாத்திரம், மஞ்சள் கட்டிய அடுப்பு, பக்கத்தில் தேங்காய், வாழைப்பழம். பெரிதாக்கிப் பார்த்தால் தேங்காய்க்குப் பின்னாலிருந்து சுவர் வரை கல்லில் ஓடும் கோடு தெளிவாகத் தெரிந்தது. தேதி 2019 ஜூன்.

மோட்டார். மூன்று வீட்டுக்கும் பொதுவான போர்வெல் மோட்டார். வாடகைதாரர் பட்டியலில் அது இல்லை, இவர்கள் கெடுத்ததாகவும் யாரும் சொல்லவில்லை. தள்ளுபடி.

குழாய், ஃப்ளஷ் டேங்க், பூட்டு. இவை அட்டவணையில் வாடகைதாரர் பக்கம். ஒத்துக்கொண்டோம். ஆனால் ரசீது கேட்டபோது பிளம்பர் பில் 2,800-க்குத்தான் வந்தது. பூட்டுக்கு 1,800 சரியாக இருந்தது.

ஈபி. 4,200 என்பது இரண்டு மாத பில் முழுவதும். காலி செய்த பின் பெயிண்ட் வேலை நடந்த நாட்களின் கரண்டும் அதில் சேர்ந்திருந்தது. காலி செய்த அன்று எடுத்த மீட்டர் படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இவர்கள் பங்கு 1,650.

ஆக ஏற்றுக்கொண்டது 8,250, திரும்ப வரவேண்டியது 91,750. இதை ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு எழுதி, படங்களை இணைத்து, நவம்பர் கடைசியில் இரண்டாவது கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. போன் எடுப்பதும் நின்றது.

இரண்டாவது முடிவு: எங்கே போவது

2017 சட்டத்தின்படி துணை ஆட்சியருக்குக் குறையாத நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் போகும் வழி இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வந்த பிறகு போடும் வாடகை ஒப்பந்தம், பதினோரு மாதமாக இருந்தாலும், அந்த அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஓராண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்ற பழைய கணக்கு இங்கே எடுபடாது. இவர்கள் ஒப்பந்தம் 2019 ஜூனில் போட்டது, பதிவாகவில்லை. பதிவாகாத தாளை அங்கே ஆதாரமாக வைப்பது பலவீனமான ஆட்டம். பதியாதது இரு தரப்பும் சேர்ந்து விட்ட குறைதான், ஆனால் பணம் எதிர்த்தரப்பிடம் இருக்கும்போது அந்தக் குறை நம்மைத்தான் கடிக்கும்.

உரிமையியல் வழக்குப் போடலாம், பணத்துக்கான வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் இந்தத் தொகைக்கு அது நீண்ட பாதை. எனவே வழக்குக்கு முந்தைய மனுவாக, இலவச சட்ட உதவியும் சமரசப் பேச்சும் நடத்தித் தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் போவதென்று முடிவு. அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தது இங்கே கைகொடுத்தது, வக்கீலும் இலவசமாகக் கிடைத்தார். (15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.)

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு ஒப்பாவிட்டால் அங்கே தீர்ப்பு வாங்க முடியாது. மாடிவீட்டுக்காரர் வழக்கு வாய்தாவுக்கு அலைய விரும்பும் ஆள் இல்லை என்ற கணிப்பில்தான் போனோம்.

அமர்வுகள்

டிசம்பரில் மனு, ஜனவரியில் அமர்வு. முதல் தடவை உரிமையாளர் வரவில்லை. இரண்டாம் தடவை மகனோடு வந்தார். ஆரம்பத்தில் பேச்சு முழுக்க மனத்தாங்கல்தான். வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்த்தோம், தபால் போட்டு அவமானப்படுத்திவிட்டார்கள் என்றார். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. “நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க சார். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கணக்கு மட்டும் சரியில்ல” என்றார். உறவும் கணக்கும் வேறு வேறு என்று எங்களில் யாரும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அமர்வை நடத்தியவர் பெயிண்டிங் வரிக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதுக்கு முன்னாடி எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?” 2018 தீபாவளிக்கு என்றார் உரிமையாளர். அதாவது இவர்கள் வருவதற்கும் முன்பு. ஐந்து வருஷப் பழைய பெயிண்டுக்கு மறுபெயிண்ட் எப்படியும் தேவைதான் என்பதை அவர் மகனே ஒத்துக்கொண்டார். பால் காய்ச்சிய படத்தைக் காட்டியதும் கல்லும் போனது.

பிறகுதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. பணம் கையில் இல்லை. வாங்கிய அட்வான்ஸ் எப்போதோ குடும்பச் செலவில் கரைந்துவிட்டது. புதுக் குடித்தனக்காரரின் அட்வான்ஸில்தான் பழையதைக் கொடுக்க நினைத்திருந்தார், அந்த ஆள் குறைவாகவே கொடுத்திருந்தார். பெரும்பாலான அட்வான்ஸ் தகராறுகளின் அடியில் இதுதான் இருக்கும். அடுத்தவர் பணத்தில் முந்தையவர் கணக்கு முடிகிறது. பணம் பற்றாக்குறை ஆகும்போது பிடித்தப் பட்டியல் தானாக நீளும். திட்டமிட்டு ஏமாற்ற நினைத்தவராக அவர் எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்தப் பிடித்தங்கள் நியாயமாகிவிடுவதும் இல்லை. ஆனால் காரணம் தெரிந்ததால் என்ன கேட்பது என்று தெரிந்தது: தொகையில் பிடிவாதம், தவணையில் விட்டுக்கொடுப்பு.

முடிவு

85,000 ரூபாய்க்குச் சமரசம். 50,000 உடனே வங்கி வழியாக, மீதி 35,000 ஒரு மாதத்துக்குள். கேட்டதில் 6,750 விட்டுக்கொடுத்தார். கணவருக்கு இன்னும் அதில் வருத்தம். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது. 26,500-இல் தொடங்கிய பேச்சு இது.

சமரசம் அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தின் (லோக் அதாலத்) தீர்ப்பாகப் பதிவானது. அதற்கு நீதிமன்ற ஆணைக்குரிய வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. இரண்டாம் தவணை இரண்டு வாரம் தாமதித்தது. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு நீதிமன்றத்தில் நிறைவேற்றுமனு போடுவோம் என்று வக்கீல் போனில் சொன்ன மறுநாள், மார்ச்சில், வந்துசேர்ந்தது. வெறும் வாய்ப்பேச்சில் முடித்திருந்தால் அந்த 35,000-க்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை மாற வேண்டியவை

பால் காய்ச்சிய படம் கிடைத்தது அதிர்ஷ்டம், அதை நம்பி வீடு பிடிக்க முடியாது. குடிவரும் நாளில் சாமான் இறக்கும் முன்பே காலி வீட்டை வீடியோ எடுத்து, அதை உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். நம் கைப்பேசியில் மட்டும் இருந்தால் தேதியைப் பற்றிக் கேள்வி வரும். அவர் கைப்பேசியிலும் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அட்வான்ஸில் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகப் போகக்கூடாது. உரிமையாளர் ரொக்கம்தான் வேண்டும் என்றால் அன்றே கையெழுத்துடன் ரசீது.

ஒப்பந்தப் பதிவு விஷயத்தில் உரிமையாளர்கள் தயங்குவார்கள், வரிக் கணக்கில் வந்துவிடும் என்ற பயம். இந்தத் தகராறில் பதிவு இருந்திருந்தால் டிசம்பரிலேயே வாடகை அதிகாரியிடம் நேராகப் போயிருக்கலாம், எதிர்த்தரப்பின் சம்மதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. புது வீட்டில் அந்தப் பெண் இதைக் கேட்டார். முதலில் பார்த்த வீட்டுக்காரர் மறுத்துவிட்டார், அந்த வீட்டை விட்டார்கள். அடுத்த வீட்டில் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ், ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. பெயிண்ட் பற்றித் தனியாக ஒரு வரியும் உண்டு: மூன்று வருஷத்துக்குள் காலி செய்தால் பாதிச் செலவு, அதற்கு மேல் இருந்தால் ஒன்றுமில்லை. பாதிகூட ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “பையன் இன்னும் ரயில் வரையறான் சார்” என்றார்.